எழும்பி நின்ற நீச்சல் குளம்

அத்தியாயம் 6

"ரீச்சர், வத்தின குளம் கண்டிருக்கிறன். தூர்ந்த குளம் கண்டிருக்கிறன். கோவிச்சுக்கொண்டு எழும்பி நிக்கிற குளத்தை இண்டைக்குத்தான் காணுறன்."

இன்னாசித்தம்பி எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறவன். இந்த முறை அவன் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஹோல்கர் தொர்சனின் வீட்டுப் பின்வளவில், பைபர் கிளாஸில் செய்த நீல நிற நீச்சல் குளம் ஒரு முனை நிலத்துக்குள்ளும், மறுமுனை முழங்கால் உயரத்துக்கு நிலத்துக்கு மேலேயுமாகச் சரிந்து கிடந்தது. சுற்றிவரப் பதித்த கற்கள் பிளந்து புரண்டிருந்தன. மோட்டர் அறைக்குப் போகிற குழாய்கள் இரண்டும் முறிந்திருந்தன. உள்ளே ஒரு குவளை தண்ணீர்கூட இல்லை.

பரமேஸ்வரி ரீச்சர் கைப்பையிலிருந்து கறுப்பு லக்றிஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். உப்பும் கசப்புமான அந்த டென்மார்க் இனிப்பை விரும்பித் தின்கிற ஒரே தமிழச்சி சில்க்போர்க் நகரம் முழுவதிலும் அவர்தான். லக்றிஸ் உள்ளே போனால் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் குறுக்கே கதைத்தால் வகுப்புக்கு வெளியே நிற்பாட்டுகிற பார்வை ஒன்று வரும்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் இரசாயனம் படிப்பித்தவர் ரீச்சர். இங்கே பால் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிறார். பொலிஸுக்கோ கொம்யூன் என்கிற நகரசபைக்கோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொன்னதை மொழிபெயர்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிற குணம் அவரிடம் கிடையாது. தொலைந்த கடவுச்சீட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் காணாமல் போன மாப்பிள்ளை என்று மூன்று வருடத்தில் ஏழெட்டு முடிச்சுகளை அவிழ்த்துவிட்டார். அதில் இன்னாசியின் பங்கு என்ன என்று கேட்டால், கார் அவனுடையது. வாயும் அவனுடையது.

நேற்றுப் பின்னேரம் பொலிஸிலிருந்து அழைப்பு வந்திருந்தது. செல்வரட்ணம் என்பவரை வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரிக்கப் போகிறோம், மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டார்கள். தொர்சன் தம்பதி இரண்டு கிழமை விடுமுறைக்கு மயோர்க்காத் தீவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஏப்ரல் பதினாறாம் திகதி சனிக்கிழமை, அவர்களுடைய குளத்தை வேண்டுமென்றே நாசமாக்கினான் என்பது முறைப்பாடு.

இப்போது அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. 1988 ஏப்ரல் இருபத்திரண்டு.

செல்வரட்ணம் மன்னார்ப் பேசாலைக்காரன். இன்னாசி வேலை செய்கிற தளபாடத் தொழிற்சாலையில்தான் அவனுக்கும் வேலை. பின்னேரங்களில் தொர்சனின் தோட்டத்தையும் குளத்தையும் பார்த்துக்கொள்வான். ஊரில் இருக்கிற மனைவி மேரிகிறேஸைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துப் பதினாறு மாதம் ஆகிறது. அவளோடு அவன் வாழ்ந்தது மொத்தம் எட்டு மாதம். கொப்பன்ஹேகனில் தமிழருடைய குடும்பக் கோப்புகள் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. ஏன் என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. "கோப்பு கிடந்தால் கிடக்கட்டும். ஆனால் அதற்குள் ஒரு பொலிஸ் கடதாசி போய்விட்டால் என்னிடம் வராதீர்கள்" என்று அந்தக் கோப்புகளைப் பார்த்த சட்டத்தரணி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை எங்கள் சனம் நின்ற காலம் அது.

"தாங்கள் எதற்காக என் வளவுக்குள் நிற்கிறீர்கள் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை," என்றார் தொர்சன். மயோர்க்கா வெயிலில் சிவந்த முகம் கோபத்தில் இன்னும் சிவந்திருந்தது.

"பொலிஸில் மொழிபெயர்க்கப் போகிறேன்," என்று ரீச்சர் டெனிஷில் பணிவாகச் சொன்னார். "நீச்சல் குளம் நான் வாழ்நாளில் கண்டதில்லை. எதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் அங்கே தடுமாறினால் உங்கள் முறைப்பாடுதான் பலவீனப்படும்."

தொர்சன் இன்னாசியின் பக்கம் திரும்பினார். இன்னாசி சிரிப்பை அடக்கிக்கொண்டு றோசாச் செடிகளைப் பார்த்தான்.

"இவர் யார்?"

"எனக்குச் சொல் மறந்துபோனால் ஞாபகப்படுத்துகிறவர்."

தொர்சன் மோட்டர் அறைக் கதவைத் திறந்து காட்டினார். சுவரில் அச்சடித்த அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. குளத்தை ஒருபோதும் முழுதாக வெறுமையாக்கக் கூடாது என்று அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது. "இதை நானே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். திருப்பியும் சொல்ல வைத்தேன். இந்த அறையின் திறப்பு அவனிடம் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் இறைக்கிற பம்ப் இந்த அறைக்குள்தான் இருந்தது. வேறென்ன வேண்டும்?"

"அவன் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?"

தொர்சன் சற்றுத் தயங்கினார். "போன மாதம் என்னிடம் ஒரு கடிதம் கேட்டான். அவன் நல்ல வேலைக்காரன், மனைவி வர அனுமதியுங்கள் என்று அமைச்சுக்கு எழுதச் சொன்னான். நான் அரசியலில் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது பேசியிருக்கிறான்." அவர் குளத்தைக் காட்டினார்.

அவர் உள்ளே போனதும் இன்னாசி மெல்லக் கேட்டான்.

"ரீச்சர், தண்ணியை எடுத்தா குளம் எழும்புமோ? எங்கடை ஊரிலை ஒரு கிணறும் இப்பிடி எழும்பி நிண்டதாய் நான் கேள்விப்படேல்லை."

"எங்கடை கிணறு கல்லுக்குள்ளை வெட்டினது. இது தொட்டி. வெறும் அண்டாவைத் தண்ணிக்குள்ளை அமத்திப் பார்த்திருக்கிறியோ?"

"கையை உதறிக்கொண்டு மேலை வரும்."

"அதுதான் இது. இது வாவிக்கரை ஊர். மாரி முடிஞ்சு பனி கரைஞ்ச நேரம், நிலத்துக்குக் கீழை ரெண்டு முழத்திலை தண்ணி நிக்கும். உள்ளை தண்ணி நிறைய இருக்குமட்டும் அந்தப் பாரத்திலை தொட்டி இருக்கும். உள்ளுக்கு இருக்கிறதை எடுத்தா, கீழை இருக்கிறது தூக்கிப்போடும். செல்வரட்ணத்துக்கு இது தெரியும். இஞ்சை பார்."

மோட்டர் அறை ஆணியில் ஒரு மட்டை தொங்கியது. அதில் செல்வரட்ணத்தின் உருண்டைக் கையெழுத்தில் திகதி, பிஎச், குளோரின் என்று மூன்று வரிசை. ஏப்ரல் நாலாம் திகதி பிஎச் எட்டு தசம் இரண்டு. ஆறாம் திகதி எட்டு. ஒன்பதாம் திகதி ஏழு தசம் எட்டு. பதினாலாம் திகதி ஏழு தசம் நாலு, குளோரின் ஒன்றரை. பக்கத்தில் தமிழில் "சரி" என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ரீச்சர் அந்த மட்டையை நல்ல மாணவனின் விடைத்தாளைப் போலப் பார்த்தார். "மாரி முழுக்க மூடிக் கிடந்த தண்ணி. பச்சைப் பாசி. ஒரேயடியாய் மருந்தைக் கொட்டாமல், ஒவ்வொரு நாளும் துளித் துளியாய் விட்டு, சோதிச்சு, பத்து நாளிலை சரியான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். என்ர மாணவரிலை ரெண்டு பேருக்குத்தான் இந்தப் பொறுமை இருந்தது. இப்பிடிச் செய்தவன் பதினாறாம் திகதி வந்து அவ்வளவையும் இறைச்சு ஊத்துவானோ?"

"பொலிஸ் கோபம் எண்டு சொல்லும்."

"கோபக்காரன் குளத்தைத் தேய்ச்சுக் கழுவுவானோ?"

அப்போதுதான் இன்னாசி உள்ளே எட்டிப் பார்த்தான். சரிந்து கிடந்த தொட்டியின் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. யாரோ மூலை முடுக்கெல்லாம் கைப் பிரஷால் தேய்த்திருந்தார்கள். ஆழமான முனையில் மட்டும், விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் பச்சைப் பாசி அப்படியே விடப்பட்டிருந்தது.

"அதிலை தேய்க்க மறந்திட்டான்."

"மறக்கேல்லை. எட்டேல்லை."

செல்வரட்ணம் ஆறடி இரண்டங்குலம். தொழிற்சாலையில் மேல் தட்டில் இருக்கிற பலகையை ஏணி இல்லாமல் எடுப்பதற்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பச்சைக் கோடு அவன் கை நீட்டினால் எட்டுகிற உயரம்தான்.

"அப்ப கட்டை ஆள்," என்றான் இன்னாசி.

"கட்டை ஆள். அதோடை தோட்டக்காரன். வா."

புல்தரையின் குறுக்கே ஒரு கை அகலத்தில் வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. நேராக, அளவெடுத்ததுபோல. அது வேலியோரம் இருந்த, தண்டைச் சமைத்துத் தின்கிற றபர்பர் செடிகளிடம் போய் நின்றது. பெரிய பெரிய இலை விரித்து நின்ற அந்த நாலு செடியைச் சுற்றியும் அழகாக வரம்பு கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் றோசாச் செடிகளின் அடியில் குளத்து வண்டல் பரவப்பட்டு, மேலே காய்ந்த புல் மூடியிருந்தது. முந்தின வருடம் வந்த காற்றில் சாய்ந்த ஒரு றோசாச் செடிக்கு முட்டுக்கூடக் கொடுத்திருந்தார்கள்.

தொர்சனின் மனைவி அன்னா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "நான் பொலிஸிடமும் சொன்னேன். என் றோசாக்களை இவ்வளவு அன்பாக யாரும் கவனித்ததில்லை. குளத்தை உடைக்க வந்தவன் இதைச் செய்வானா? ஹோல்கர் கேட்கிறார் இல்லை."

ரீச்சர் அந்த மட்டையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அன்னா தலையாட்டினார்.

காரில் ஏறியதும் இன்னாசிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரீச்சர், பேசாலையான் கடல்காரன். வரம்பு கட்டத் தெரியாது. எனக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, நானும் கடற்கரை, குருநகர். இந்த ஊரிலை கட்டையான தோட்டக்காரன் எண்டா..."

"தவராஜா," என்றார் ரீச்சர். "கோப்பாய்ச் செம்மண்காரன். செல்வரட்ணத்தின்ர அறையிலை இருக்கிறான். அதெல்லாம் சுகம். எனக்கு விளங்காதது வேறை ஒண்டு. தான் அங்கை போகேல்லை எண்டு செல்வரட்ணம் ஏன் சொல்லேல்லை? அண்டைக்கு அவன் எங்கை?"

"ஓவர்டைம் எண்டு வீட்டிலை சொன்னவனாம். ஆனா அண்டைக்குத் தொழிற்சாலை பூட்டு. எனக்குத் தெரியும். நான் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தனான்." இன்னாசி கண்ணாடியில் பார்த்துக் கண்ணடித்தான். "டெனிஷ் பெட்டை ஆரும் மாட்டியிருக்கும் ரீச்சர். ஆறடி ரெண்டங்குலத்தை அவளவை சும்மா விடுவாளவையோ? அதுதான் வாயைத் திறக்கிறானில்லை."

ரீச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு லக்றிஸை எடுத்தார்.

தவராஜா அதிகாலைத் துப்பரவு வேலை முடித்து வந்து சோற்றை அடுப்பில் வைத்திருந்தான். முப்பத்தைந்து வயது. ஐந்தடி இருந்தால் அதிசயம். ரீச்சரைக் கண்டதும் சாரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதிரையைத் துடைத்தான். சுவரில் மூன்று பெண் பிள்ளைகளின் படம். கடைக்குட்டி இவன் இங்கே வந்த பிறகு பிறந்தது. அவனும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன்தான்.

ரீச்சர் குளத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. சோற்றின் வாசனை நல்லாயிருக்கு என்றார். கோப்பாயில் எத்தனை பரப்புக் காணி என்று கேட்டார். பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"தவராஜா, உங்கடை வீட்டுக் கிணறு இறைச்சுத் துப்பரவாக்கினா, முதல் கலங்கல் எங்கை போகும்?"

"வாழைக்கு, ரீச்சர். பெரிய இலைக்காரனுக்குத்தானே முதல் தண்ணி. அடி வண்டல் பேந்து பூக்கண்டுக்கு..."

அவன் நிறுத்தினான். அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. யாரும் எழும்பவில்லை.

"றபர்பர் வாழை இல்லை, தவராஜா," என்றார் ரீச்சர் மெதுவாக.

தவராஜா நிலத்தில் குந்திவிட்டான். "செல்வரட்ணம் சொன்னவன், நீ போய் இலையை அள்ளு, மோட்டரை நாலு மணித்தியாலம் ஓடவிடு, வேறை ஒண்டிலையும் கை வைக்காதை எண்டு. நான் போய்ப் பார்த்தன் ரீச்சர். அடியிலை கறுப்பாய் வண்டல். மாரி முழுக்கக் கிடந்த பழைய தண்ணி. அதை வச்சுக்கொண்டு மருந்து ஊத்துறதோ? எங்கடை ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கா முழுக்க இறைச்சு, தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊற விடுவம். அந்த மனிசர் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டு செல்வரட்ணத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் குடுப்பினம் எண்டு நினைச்சன். சத்தியமாய் அதுதான் நினைச்சன்."

"சுவரிலை எழுதியிருந்ததே?"

"எனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியாது ரீச்சர். சிவப்பிலை இருந்தது. கரண்டைப் பற்றி ஏதோ எண்டு நினைச்சன்."

இறைத்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டதாம். கழுவிக்கொண்டு நிற்கும்போது காலுக்குக் கீழே தொட்டி அசைந்ததாம். வெளியே பாய்ந்து நின்று பார்க்க, கற்கள் ஒவ்வொன்றாக வெடித்ததாம். செல்வரட்ணம் இரவு வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு ஒரேயொரு வார்த்தைதான் சொன்னானாம்: நீ அங்கே போகவே இல்லை.

"அவன் என்னைக் கர்த்தர்மேலை சத்தியம் பண்ண வச்சவன். நான் சைவக்காரன் எண்டும் பாக்கேல்லை." தவராஜா எழும்பி, அழுதுகொண்டே ஆணியில் தொங்கிய ஜக்கற்றை எடுத்து மாட்டினான். "நான் வாறன் ரீச்சர். அவன்ர பைல் கெடக் கூடாது. என்ரை கெட்டாலும் காரியமில்லை."

அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமலே சொன்னான். இன்னாசிக்கு ஏதாவது பகிடி விட வேண்டும் போலிருந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தான்.

பொலிஸ் நிலையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை. ரீச்சர் காரிலேயே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டார். தெரியாமல் செய்தது குற்றமாகாது. மட்டை இருக்கிறது, பாசிக் கோடு இருக்கிறது, அன்னாவின் வாக்குமூலம் இருக்கிறது. தவராஜாவைக் காரில் இருக்கச் சொன்னார். கூப்பிடும்போது வந்தால் போதும்.

செல்வரட்ணம் நடைபாதை வாங்கில் நெடுநெடுவென்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சேட்டு, நன்றாக அழுத்தியிருந்தது.

"செல்வரட்ணம், முடிஞ்சுது," என்றார் ரீச்சர். அவர் குரலில் பெருமை இருந்தது. "குளத்தை இறைச்சது ஆர் எண்டு எனக்குத் தெரியும். நீ இல்லை. இந்த மட்டை ஒண்டே காணும்."

செல்வரட்ணம் மட்டையை வாங்கிப் பார்த்தான். "நல்லது ரீச்சர். இதைக் குடுங்கோ. தண்ணியைப் பற்றி இவ்வளவு தெரிஞ்சவன் தெரியாமல் செய்திருக்க மாட்டான், வேணுமெண்டுதான் செய்திருக்கிறான் எண்டு நம்புவினம். எனக்கு அதுதான் வேணும்."

ரீச்சரின் வாயிலிருந்த லக்றிஸ் அப்படியே நின்றது.

"நான் பன்ரண்டு மணிக்கே வந்து எனக்குத் தெரிஞ்ச டெனிஷிலை சொல்லிப்போட்டன். கடிதம் தரேல்லை எண்ட கோபத்திலை நான்தான் செய்தனான் எண்டு. ஒழுங்காய் எழுதுறதுக்கு உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கினம்."

"உனக்கென்ன விசரோ?" இன்னாசி கத்திவிட்டான். "மேரிகிறேஸின்ர பைல் கிடக்கெல்லோடா!"

"கிடக்கட்டும்," என்றான் செல்வரட்ணம். "அதிலை இனி வாறதுக்கு ஆரும் இல்லை."

அவன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் முறிந்த பலகையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். மார்ச் பதினேழாம் திகதி இரவு மேரிகிறேஸுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஊரடங்கு. வாகனம் ஒன்றும் ஓட முடியாது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவளுக்கு விடியவில்லை. ஏப்ரல் ஏழாம் திகதி கடிதம் வந்தது.

"பதினாறாம் திகதி அவளின்ர முப்பத்தொண்டாம் நாள். பிரெடெரிசியாவிலை ஒரு கோயிலிலை பூசை ஒண்டு ஒப்புக்கொடுத்தன். அங்கை என்னை ஆருக்கும் தெரியாது."

இன்னாசிக்குத் தான் காரில் விட்ட பகிடி ஞாபகம் வந்தது. காது இரண்டும் எரிந்தன. எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடிதம் வந்த பிறகும் இவன் ஒரு கிழமை போய் அந்தத் தண்ணீரைத் துளித் துளியாகச் சரிசெய்து, "சரி" என்று கோடு போட்டிருக்கிறான்.

"ஏனடா எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டான்.

"என்னோடை வீட்டிலை இருக்கிற மூண்டு பேர் பெஞ்சாதி வாறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாங்கள், இன்னாசி. அவங்களுக்கு நான் இதை என்னெண்டு சொல்லுறது?"

ரீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தவராஜா தெரியாமல் செய்தது. அது குற்றம் இல்லை. நான் எடுத்துச் சொல்லுவன்."

"இஞ்சை நீங்கள் சொல்லுவியள். கொப்பன்ஹேகனிலை ஆர் ரீச்சர் சொல்லுறது? அவன்ர பேரிலை ஒரு கடதாசி போகும். மூண்டு பிள்ளையள்."

"நான் பொய்யை மொழிபெயர்க்க மாட்டன், செல்வரட்ணம்."

"பொய் நான் சொல்லுறன். நீங்கள் என்ர வாய் மட்டும்."

கதவு திறந்தது. இளம் பொலிஸ்காரர் ஒருவர், சாந்தமான முகம், ரீச்சருக்குக் கை கொடுத்து அவரையும் செல்வரட்ணத்தையும் உள்ளே அழைத்தார். ஹீற்றர் கடும் சூடு, மன்னியுங்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்தபடியே விட்டார். ரீச்சர் உள்ளே போகும்போது இன்னாசியைத் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வது என்று ரீச்சர் தன்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

முன்வாசல் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. தவராஜா வந்துகொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டான்.

இன்னாசி ஓடிப்போய் அவனை நடைபாதையில் மறித்தான். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துச் சுவரோடு வைத்து அமர்த்தினான். ஐந்தடி ஆளுக்குள் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"விடு இன்னாசி. நான் சொல்லவேணும்."

"சத்தம் போடாதை."

"அவன்ர பெஞ்சாதி வராமல் போயிடுமடா. விடு!"

இன்னாசி விடவில்லை. விடக்கூடாதா, விடவேண்டுமா என்று அவனுக்கே தெரியவில்லை. கைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

உள்ளே பொலிஸ்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ரீச்சர் அதைத் தமிழில் திருப்பிக் கேட்டார்.

"தண்ணீரை இறைத்தது நீங்களா?"

"ஓம்."

"ஜா," என்றார் ரீச்சர்.

"வெறுமையாக்கினால் குளம் உடையும் என்று தெரிந்துதான் செய்தீர்களா?"

"ஓம்."

"மொழிபெயர்ப்பாளர்?" என்று பொலிஸ்காரர் மரியாதையாக ஞாபகப்படுத்தினார்.

"ஜா," என்றார் ரீச்சர்.

தவராஜா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னாசியின் நெஞ்சில் தள்ளினான். அவனுடைய கண்ணீர் இன்னாசியின் சேட்டில் பட்டது. தவராஜாவின் ஒரு கை பிடியிலிருந்து கழன்று போயிருந்தது. இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் கதவடிக்குப் போய்விடுவான்.

கடதாசி புரட்டும் சத்தம். இதில் ஒன்று விடுபட்டிருக்கிறது, என்று பொலிஸ்காரர் சொன்னார். திருமணமானவரா?

ரீச்சர் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"பெஞ்சாதி செத்துப்போச்சு, ரீச்சர்," என்றான் செல்வரட்ணம். "அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ."

தவராஜா தள்ளுவதை நிறுத்தினான். அவன் முகத்தை இன்னாசி பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. நடைபாதையில் பிடிக்கத் தேவையில்லாமல் போன ஒரு மனிதனை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளே ரீச்சர் இன்னும் டெனிஷில் ஒன்றும் சொல்லவில்லை.